இதுதான் சுலபமான காலமா?

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறேன். கட்டணத்துக்காக வார இறுதிகளில் பகுதிநேர வேலைக்கும் போகிறேன். வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போவேன், செய்வேன், வந்து படுத்ததும் தூங்கிவிடுவேன். படிப்புதான் நெருக்குகிறது. இரண்டு பாடங்கள் அரியர், ப்ராஜெக்ட் பாதியில் நிற்கிறது. மற்ற நாட்களில் ஒரு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. அப்பாவிடம் சொன்னால், "இதெல்லாம் ஒரு கஷ்டமா? வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார், அப்போது தெரியும்" என்கிறார். வேலைக்குப் போய்விட்ட சீனியர்களும் இந்த நாட்கள் திரும்ப வராது, அனுபவி என்கிறார்கள். இதுவே சுலபமான காலம் என்றால், அடுத்து வருவதை நான் எப்படித் தாங்குவேன்?

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

"இதெல்லாம் ஒரு கஷ்டமா" என்று கேட்பவர்கள் தைரியம் சொல்வதாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். கேட்கிற இளைஞனுக்கு அது எப்படி வந்து சேர்கிறது என்பதை உங்கள் கடைசி வரியில் பார்த்தேன். இன்றைய வலியை மறுத்து, நாளையைப் பற்றிய பயத்தையும் கொடுத்துவிடுகிறது. பெரியவர்கள் இந்த வாக்கியத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அப்பா பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. டெரன்ஸ் மிட்செல், லீ தாம்ப்சன் என்ற ஆய்வாளர்கள் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1997-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுற்றுலா, விடுமுறை, நீண்ட சைக்கிள் பயணம் ஆகியவற்றுக்குப் போனவர்களிடம் போவதற்கு முன்பும், நடுவிலும், முடிந்த பிறகும் கேட்டுப் பார்த்தார்கள். அனுபவிக்கும்போது இருந்த எரிச்சலும் ஏமாற்றமும் பின்னால் நினைக்கும்போது மங்கிவிட்டன. சில நாள் பயணத்துக்கே இப்படி என்றால், பல ஆண்டுகளுக்கு முந்தைய கல்லூரிக் காலம் எவ்வளவு நிறம் மாறியிருக்கும்!

இன்னொன்றும் உண்டு. அந்தக் கதை எப்படி முடிந்தது என்பது அப்பாவுக்குத் தெரியும். தேர்வு முடிந்தது, வேலை கிடைத்தது, வாழ்க்கை ஏதோ ஒரு வழியில் போனது. முடிவு தெரிந்த பிறகு அந்த வயதின் பயத்தைத் திரும்ப உணர முடியாது. உங்களுக்கு முடிவு தெரியாது. அவர் நினைவில் வைத்திருக்கும் கல்லூரியும் நீங்கள் இப்போது இருக்கும் கல்லூரியும் வேறு வேறு.

சரி, எது கடினம்? உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. வேலைக்குப் போன நாளில் தூங்கிவிடுகிறீர்கள், படித்த நாளில் தூக்கம் வருவதில்லை. வேலைக்கு ஒரு முடியும் நேரம் இருக்கிறது. படிப்புக்கு அது கிடையாது. சாப்பிடும்போதும் நண்பனோடு பேசும்போதும் "இந்த நேரத்தில் படித்திருக்கலாமே" என்று ஒரு குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும். அதோடு, ஒரு பாடம் பிடிபடத் தொடங்கும்போது செமஸ்டர் முடிந்துவிடுகிறது. அடுத்த பாடத்தில் மறுபடியும் முதல் படியில் நிற்க வேண்டும். வேலையில் ஒன்று தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். தேர்வறையில் அதையே செய்தால் குற்றம். தனியாக, ஞாபகத்தை மட்டும் நம்பி, குறித்த மூன்று மணி நேரத்துக்குள் தன்னை நிரூபிக்க வேண்டிய நிலை பிற்கால வாழ்க்கையில் பெரும்பாலோருக்கு அபூர்வமாகத்தான் வருகிறது.

உடம்பும் அந்த வயதில் ஒத்துழைப்பதில்லை. ஜெர்மனியில் டில் ரோனபெர்க் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இயல்பாகத் தூங்கி எழும் நேரம் பதின்பருவம் முழுக்கத் தள்ளிப்போய், ஏறத்தாழ 20 வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகுதான் திரும்பத் தொடங்குகிறது. காலை வகுப்பில் கண் செருகுவதைச் சோம்பல் என்று திட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அதை நான் குறைக்க மாட்டேன். வேலைக்கு அன்றாடம் முடியும் நேரம் உண்டு. ஆனால் செமஸ்டர் போல ஒரு முடிவு இல்லை, நீண்ட விடுமுறை இல்லை, பாடத்திட்டமும் இல்லை. எந்தக் கேள்வி எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்லூரியில் நீங்கள் செய்யும் தவறு பெரும்பாலும் உங்கள் மதிப்பெண்ணில்தான் விழும். பிறகு உங்கள் தவறு இன்னொருவர் மேல் விழும். வீட்டில் நோயாளியோ குழந்தையோ இருந்தால், வேலை முடிந்து வந்த பிறகு இன்னொரு வேலை தொடங்கும். 1919-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்தபோது கணக்கில் எடுத்தது தொழில்துறை வேலையை மட்டும்தான். வீட்டில் செய்யும் வேலை அந்தக் கணக்கில் வரவே இல்லை. அது பெரும்பாலும் பெண்கள் மேல் விழுந்தது, இன்றும் அப்படித்தான்.

இருந்தாலும் மாணவன், ஊழியன் என்று இரண்டாகப் பிரித்து எடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை தரும் அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதியது இங்கே உதவும். வேலை எவ்வளவு கேட்கிறது, அதை எப்படிச் செய்வது என்பதில் நமக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார் அவர். நிறையக் கேட்டு, பிடியையும் கொடுக்காத வேலைதான் ஆளை நசுக்குகிறது. லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு ஒரு பொது நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது. பெரிய பொறுப்பைச் சுமந்த உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் மூன்று மடங்குக்கும் அதிகமாக இறந்தார்கள். புகைபிடிப்பதும் ரத்த அழுத்தமும் அந்த இடைவெளியில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. வேலையில் தன் கையில் பிடி இல்லாததும் ஒரு முக்கியக் காரணம் என்று அடுத்து வந்த ஆய்வுகள் சுட்டின.

இதை வைத்து உங்கள் நிலையைப் பாருங்கள். எந்தப் பாடம், எந்தத் தேதி, எந்த மாதிரித் தேர்வு, எதுவும் உங்கள் முடிவு இல்லை. கையில் காசும் இல்லை. வயது ஏற ஏற வேலை கேட்பதும் கூடும், ஆனால் பலருக்குப் பிடியும் கூடும். வேலையை மாற்றலாம், வேறு ஊருக்குப் போகலாம், முடியாது என்று சொல்லவும் பழகலாம். எல்லோருக்கும் இது கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அடுத்து வருவதை இன்றைய நீங்கள் இன்றைய கைகளோடு தாங்கப் போவதில்லை. அரியரோடும் பகுதிநேர வேலையோடும் இந்த ஆண்டை ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவர்தான் அங்கே போகப் போகிறார்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். இரவில் படிப்பை நிறுத்த ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு படிக்காதீர்கள். மூடி வைக்கும் முன் நாளை எதை, எப்போது, எங்கே உட்கார்ந்து செய்வீர்கள் என்று எழுதி வையுங்கள். இன்னும் முடிக்காத வேலைக்கு இப்படித் திட்டவட்டமாக எழுதியவர்களை அந்த வேலையின் நினைப்பு குறைவாகத் தொந்தரவு செய்தது என்று மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். அரியரா, ப்ராஜெக்டா என்று குழம்பினால் ப்ராஜெக்ட் வழிகாட்டியிடம் நேரில் போய் நிலவரத்தைச் சொல்லுங்கள். பாதி வேலையோடு போக வெட்கப்பட வேண்டாம், அவர் அங்கே இருப்பதே அதற்குத்தான்.

அப்புறம், ஒரு மாதத் தூக்கமின்மையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வாழ்நாளில் வரும் மனநலப் பிரச்சினைகளில் முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுவதாகத் தெரிந்தது. உங்களுக்கு அப்படி என்று நான் சொல்லவில்லை. சுலபமான வயது என்ற பேச்சை நம்பித் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரை, இல்லையென்றால் ஒரு மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.