நுவரெலியாவில் வாடகை பங்களா: பணம் அனுப்புமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: இலண்டனில் வசிக்கும் என் அக்கா, நான்கு வயது மகனுடனும் ஒன்றரை வயது மகளுடனும் ஏப்ரலில் வருகிறார். ஹட்டனில் எங்கள் வீட்டில் இடம் போதாததால், நுவரெலியாவில் ஒரு விடுமுறை பங்களாவை முன்பதிவு இணையத்தளமொன்றில் தெரிவுசெய்துள்ளார். முழுத் தொகையையும் நேரடியாகத் தம் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் வாடகையைக் குறைப்பதாக உரிமையாளர் வாட்ஸ்அப்பில் கூறுகிறார். அனுப்பலாமா? குழந்தைகளுக்காக வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அனுப்ப வேண்டாம். தளத்தின் வழியாகச் செலுத்தும் பணத்துக்கே அதன் இரத்து விதிகளும் மீளளிப்பும் பொருந்தும். வெளியே அனுப்பிவிட்டால், படத்தில் கண்ட வீடு வேறாக இருந்தாலும் உங்கள் கையில் வங்கிப் பற்றுச்சீட்டு மட்டுமே மிஞ்சும். ஏப்ரல் வசந்தகாலத்தில் வாடகையும் வீடுகளுக்கான கேள்வியும் ஒருசேர ஏறுவதால், 'இன்றே அனுப்புங்கள்' என்ற அவசரப்படுத்தலுக்குப் பலர் இணங்கிவிடுகிறார்கள். ஹட்டனில் இருக்கும் உங்களுக்கு, தலவாக்கலை வழியாக ஒருநாள் போய் வீட்டை நேரில் பார்த்துவரும் வசதி உண்டு. அப்போதே அது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவானதா என்றும் கேளுங்கள்.

பார்க்கப் போகும்போது தோட்டத்தின் அழகைவிட, இரவில் அறையை எப்படிச் சூடாக்குகிறார்கள் என்பதையே முதலில் விசாரியுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள ஊரில், ஏப்ரலிலும் இரவுக் குளிர் சிறுவர்களுக்குக் கடுமையாகவே இருக்கும். கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் வைத்துத் தருவதாகச் சொன்னால், எவ்வளவு அன்போடு சொன்னாலும் மறுத்துவிடுங்கள்: மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வெளிவரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை, உறங்குபவர் அறியாமலே அது உயிரைப் பறிக்கும், சிறு குழந்தைகளை இன்னும் விரைவாகத் தாக்கும். கணப்படுப்பு இருந்தால் புகைபோக்கி அடைபடாமல் இருக்கிறதா, முன்னால் தடுப்பு உண்டா என்று பாருங்கள்; இவற்றைவிட மின்சார ஹீட்டரும் கூடுதல் கம்பளிகளும் நல்லவை.

மாடிப்படிக்குக் கதவோ தடுப்போ உண்டா, கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியில் குழந்தையின் தலை நுழையுமா, முற்றத்தில் திறந்த நீர்த்தொட்டி இருக்கிறதா என்பவையும் முக்கியம். குளியலறைக் குழாயில் வெந்நீர் எவ்வளவு சூடாக வருகிறது என்பதைத் திறந்தே பாருங்கள். தொட்டில் தருவதாகச் சொன்னால், மெத்தை பக்கங்களில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கான பதில்களை அக்கா தளத்தின் செய்திப் பகுதியிலேயே எழுத்தில் பெறட்டும். பின்னர் தகராறு வந்தால் அதுவே சான்று. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வரும் வாடகை வான்களில் குழந்தை ஆசனம் இருக்கும் என்று நம்பியிருக்காமல், அதை இலண்டனிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள்.