முதல் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்கலாமா?

வீட்டு வரைபட அலுவலகம் தொடங்கி ஓராண்டாகிறது என்றும், மனையைப் பார்க்க அழைப்பவர்களில் பாதிப்பேர் அதன்பின் தொடர்புகொள்வதே இல்லை என்றும், கட்டணம் கேட்டால் இருக்கிற சிலரும் வராமல் போய்விடுவார்களோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் விருதுநகர் மாவட்டத்தில் வீடுகளுக்குப் படம் வரைந்து, கட்டுமானத்தை மேற்பார்வையிடும் பொறியாளர். தொழிலுக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆறு ஆண்டுகள் இலவசமாகப் போய்ப் பார்த்தேன். பிறகு கட்டணம் வாங்கத் தொடங்கினேன். வாங்குங்கள் என்பதே என் பதில். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்பது உங்களுக்கே தெளிவாக இல்லாவிட்டால், அதைக் கேட்கும்போது குரல் கம்மிவிடும். வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

இலவசமாகப் பார்த்த கடைசி ஆண்டில், போய்வந்த இடங்களையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். மொத்தம் 41 மனைகள்; அவற்றில் 9 மட்டுமே வேலையாக முடிந்தன. ஒரு மனைக்குப் போய்வர அரை நாள் என்று வைத்தாலும், மீதி 32 மனைகளுக்கு 16 முழு நாள்கள் போயிருந்தன. அந்த 16 நாள்களின் செலவை யார் கொடுத்தார்கள் என்று யோசித்தால், வேலை கொடுத்த அந்த ஒன்பது பேர்தான். யாருக்கோ நான் இலவசமாகச் சொன்ன யோசனைக்கு, என்னை நம்பி வந்தவர்கள் பணம் கட்டியிருக்கிறார்கள். இதில் வேடிக்கையும் உண்டு. நான் மனையிலேயே நின்று காகிதத்தில் போட்டுக் கொடுத்த ஒரு படத்தை, அதை வாங்கியவர் வேறொரு பொறியாளரிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பொறியாளர் என்னையே அழைத்து, மாடிப்படிக்குக் கீழே காட்டியிருக்கும் கழிப்பறையின் அகலம் எவ்வளவு, எழுத்து புரியவில்லை என்று கேட்டார். நானும் சொன்னேன்.

இருந்தாலும் கட்டணத்துக்கு நான் மாறியதற்கு இந்தக் கணக்கு முதற்காரணம் அன்று. இலவச ஆலோசனை கொடுப்பவனால் "வேண்டாம்" என்று சொல்ல முடிவதில்லை, அதுதான் காரணம். எங்கள் பக்கம் பெரும்பகுதி கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வழக்கமான ஆழத்தில் அடித்தளம் போட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் சுவர் கீறிவிடும். அத்தகைய மண்ணில், மண்ணின் அசைவு நின்றுபோகும் ஆழம் வரை இறங்கி, அடியில் குமிழ்போல் விரியும் பைல், அதாவது தரைக்குள் இறக்கும் கான்கிரீட் தூண், போடுவது வழக்கம். செலவு சாதாரண அடித்தளத்தைவிடக் கணிசமாகக் கூடும். ஒரு குடும்பம் அப்படிப்பட்ட தாழ்வான மனை ஒன்றைக் காட்டி, கையில் இருக்கும் தொகையையும் சொல்லி, முடியுமா என்று கேட்டது. முடியாது என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. ஆனால் அந்த மாதம் அலுவலகத்தில் வேறு வேலை இல்லை; அரை நாள் செலவழித்து வந்திருந்தேன்; முடியாது என்று சொன்னால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டேன். பேஸ்மட்டம் எழும்பியதோடு அவர்கள் பணம் தீர்ந்து, ஒன்றரை ஆண்டு வேலை நின்றது. நான் பொய் சொல்லவில்லை என்று அப்போது என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்தச் சொல்லுக்கு விலை வாங்கியிருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

கட்டணம் வாங்கத் தொடங்கிய பின் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வாங்கவிருந்த ஐந்து சென்ட் மனையைப் பார்க்க அழைத்தார். புல வரைபடத்தை வாங்கிப் பார்த்தபோது மனையின் பின்பக்கத்தை ஒட்டி ஓடைப் புறம்போக்கு இருந்தது. நேரில் அந்த ஓடை இருந்த தடமே தெரியாமல் மண் தள்ளியிருந்தார்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரமும் இல்லை. 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்து விற்றதற்கான பத்திரமும் இல்லாததால், அங்கீகாரமில்லாத மனையை அரசிடம் பின்னர் வரன்முறைப்படுத்திக்கொள்ளும் வழியும் அடைபட்டிருந்தது. வாங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு வீட்டு வேலை போயிற்று. ஆனால் என் வேலை அன்றே முடிந்து, அதற்கான கூலியும் வந்திருந்தது.

ஆகவே, சந்திப்புக்குக் கட்டணம் வாங்காதீர்கள், தீர்ப்புக்கு வாங்குங்கள். தொலைபேசியில் 15 நிமிடம் பேசுவதற்கு நான் எதுவும் கேட்பதில்லை. மனை எங்கே, எத்தனை சென்ட், பட்டா யார் பெயரில், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும், நான் எப்படி வேலை செய்கிறேன் என்று சொல்வதும் அதில் முடிந்துவிடும். இருவருக்கும் ஒத்துவருமா என்பது அதிலேயே தெரியும். மனைக்கு வர வேண்டுமானால் ஊருக்குள் ₹1,500, வெளியூர் என்றால் ₹2,500 என்று அதே அழைப்பில் சொல்லிவிடுவேன். போய்ப் பார்த்து, காப்பி குடித்து முடித்த பிறகு கட்டணத்தைச் சொல்வது இருதரப்புக்கும் அவமானம். பணத்துக்கு ஈடாகக் கையில் ஏதாவது கிடைக்க வேண்டும் என்பதால், மூன்று நாளுக்குள் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதித் தருகிறேன்: பட்டாவிலுள்ள அளவுக்கும் தரையிலுள்ள அளவுக்கும் உள்ள வேறுபாடு, சாலையின் அகலம், விட வேண்டிய பக்க இடைவெளிகள், மண்ணின் தோற்றம், மண் பரிசோதனை தேவையா இல்லையா, இந்தத் தொகைக்குள் எத்தனை சதுர அடி நியாயமானது, எந்த ஆவணம் குறைகிறது. படம் எதுவும் அதில் இருக்காது. அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு அவர் வேறொருவரிடம் போனால் எனக்கு வருத்தமில்லை. அது அவர் வாங்கிய பொருள்.

வேலை கொடுத்தால் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தொடக்கத்தில் கழித்தேன். பிறகு பார்த்தால், "கட்டலாம்" என்ற பதில் பெற்றவருக்கு ஆலோசனை இலவசம், "வேண்டாம்" என்ற பதில் பெற்றவருக்கு மட்டும் கட்டணம் என்று ஆகிவிட்டது. வேலையைப் பிடித்துவிட வேண்டும் என்ற பழைய ஆசையும் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. இப்போது கழிப்பதில்லை. ஆனால் உங்களுக்கு ஓராண்டுதான் ஆகிறது. பெயர் நிலைக்கும் வரை கழித்துக் கொடுப்பதில் தவறில்லை. அதை எத்தனை மாதத்துக்குள் என்று மட்டும் எழுத்தில் வையுங்கள்.

வருகை குறையுமா என்றால், குறையும். எனக்கு முதல் ஆண்டில் அழைப்புகள் ஏறத்தாழ பாதியாகின. வேலைகள் அந்த விகிதத்தில் குறையவில்லை. "சும்மா வந்து ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்க சார், அதுக்கெதுக்குப் பணம்" என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: அதே மனைக்கு வாஸ்து பார்க்க வந்தவருக்கு வெற்றிலை பாக்கோடு தட்சணை வைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். கொடுக்கும் மனம் இல்லாதவர்கள் அல்லர். நாம் கேட்டுப் பழக்கவில்லை.

சட்டத்தின் பக்கம் ஒரு சொல். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், கட்டணமின்றி அளிக்கப்படுவது "சேவை" என்ற வரையறைக்குள் வராது. நீங்கள் பணம் வாங்கிய நொடியில் எதிரிலிருப்பவர் நுகர்வோர் ஆகிறார். தவறான யோசனைக்காக மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. கண்ணால் பார்த்த அளவில் எழுதியது எது, பரிசோதனை செய்தால்தான் உறுதியாகத் தெரிவது எது என்பதைக் குறிப்பிலேயே பிரித்து எழுதுங்கள். ஆண்டு வரவு ₹20 லட்சத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. பதிவு செய்திருந்தால் இந்தச் சிறு தொகைக்கும் 18 விழுக்காடு உண்டு. ₹1,500 என்பது ₹1,770 ஆகும். அதையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தாது. வெள்ளையடிப்பவரோ, சமையலறை அலமாரி செய்து தருபவரோ அளவெடுக்க வருவது விலை சொல்வதற்காக. அதற்குக் கட்டணம் கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள், அது நியாயமும்கூட. சதுர அடிக் கணக்கில் முழு வீட்டையும் கட்டித்தரும் ஒப்பந்ததாரர் இந்தச் செலவைத் தம் விலைக்குள்ளேயே வைத்திருப்பார். பொருளோ கூலியோ விற்காமல் அறிவை மட்டும் விற்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல்.

எஞ்சியிருப்பது உறவினர்கள். அவர்களிடம் நான் பணம் வாங்குவதில்லை; குறிப்பை மட்டும் மற்றவர்களுக்குப் போலவே எழுதிக் கொடுத்து, கடைசி வரியில் "கட்டணம் ₹1,500; உறவு கருதிப் பெறப்படவில்லை" என்று சேர்க்கிறேன். முதன்முதலில் அப்படிப் பெற்ற என் சித்தப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாம் மாதம் கம்பி விலை கேட்டுப் போன் செய்தார்.