டிஎல்எஸ் (குறியாக்கம் செய்த) இணைப்புக்கு சி++ல் சொந்தமாக ஒரு ராப்பர் (மேலுறை) எழுதுகிறேன். வடிவமைப்பில் எதில் கவனம் வைக்க வேண்டும்? வேறு லைப்ரரிக்கு மாறும்படி அடுக்கடுக்காகக் கட்ட வேண்டுமா?

கேள்வியோடு நீங்கள் அனுப்பிய வரைவைப் படித்தேன். டிஎல்எஸ் வேலையைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் மேல் ஒரு கிளாஸ். கனெக்ட், ரீட், ரைட், க்ளோஸ் என்று நான்கு ஃபங்ஷன். கனெக்டுக்கு ஹோஸ்ட், போர்ட், மூன்றாவதாக, எதிர்முனையைச் சரிபார்க்க வேண்டுமா இல்லையா என்று சொல்லும் ‘வெரிஃபை’ என்ற பூலியன். அந்த மூன்றாவதை எடுத்துவிடுங்கள். மற்றதையெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இது ஒரு தடவை வெளியே போய்விட்டால் திரும்பப் பிடுங்குவது பெரும்பாடு.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு காற்றாலைகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. பணகுடி, ராதாபுரம் பக்கம் நிற்கும் காற்றாலைகளின் அடியில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி இருக்கும். காற்றின் வேகம், மின் உற்பத்தி, கியர்பாக்ஸ் வெப்பம் எல்லாவற்றையும் சிம் கார்டு வழியாக சர்வருக்கு அனுப்பும். அதற்குள் ஓடும் டிஎல்எஸ் ராப்பரை எழுதிப் பராமரிப்பதால் சொல்கிறேன்.

குறியாக்கம் மட்டும் இருந்து, எதிர்முனையில் இருப்பது யார் என்று சரிபார்க்கவில்லை என்றால், நடுவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவனிடமே பத்திரமாகப் பேசிக்கொண்டிருப்போம். ஓப்பன்எஸ்எஸ்எல் தானாக இதைத் தடுக்காது. கிளையண்ட் பக்கம் அதன் டிஃபால்ட், சர்வர் தான் யார் என்று காட்டும் சான்றிதழ் தவறாக இருந்தாலும் இணைப்பைத் தொடர்வதுதான். ஹோஸ்ட்நேம் பொருந்துகிறதா என்று பார்க்கும் வசதி 2015ல் வெளியான 1.0.2 பதிப்பில்தான் வந்தது. அதுவரை அவரவர் சொந்தமாக எழுதினார்கள், பலர் எழுதாமலே விட்டார்கள். இன்றைய 3 வரிசையிலும் எதிர்பார்க்கும் பெயரை நாம் கொடுக்காவிட்டால் அது ஒப்பிடாது. வேறு யாருடைய தளத்துக்கோ வாங்கிய முறையான சான்றிதழைக் காட்டினாலும் உள்ளே விட்டுவிடும்.

பூலியன் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இணையத்தில் தரவு அனுப்பி வாங்கும் லிப்கர்ல் லைப்ரரியின் கதையைப் பாருங்கள். அதில் வெரிஃபைஹோஸ்ட் என்ற தெரிவுக்கு 2 கொடுத்தால்தான் அப்போது பெயர் ஒப்பிடப்பட்டது. 1 கொடுத்தால் சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருந்தாலே போதும் என்று இருந்தது. பிஎச்பியில் எழுதியவர்கள் ‘ட்ரூ’ என்று கொடுத்தார்கள். அது 1 ஆகிப் போனது. பணம் செலுத்தும் லைப்ரரிகளிலேயே இப்படிக் கிடந்ததை 2012ல் டெக்ஸாஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதே ஆண்டு 7.28.1 பதிப்பில் கர்ல் அந்த 1ஐ ஏற்பதை நிறுத்தியது. எழுதியவர்கள் பாதுகாப்பை ஆன் செய்வதாக நம்பித்தான் எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தெரிவை அப்படி அமைத்ததுதான் கோளாறு.

ஆகவே கனெக்டுக்கு ஹோஸ்டும் போர்ட்டும் போதும். கொடுத்த அந்த ஒரே ஹோஸ்டை வைத்து, டிஎன்எஸ்ஸில் முகவரி தேடுவது, எஸ்என்ஐயில் (எந்தத் தளம் வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் பகுதி) பெயரை அனுப்புவது, சான்றிதழோடு ஒப்பிடுவது ஆகிய மூன்றையும் ராப்பரே செய்யட்டும். மூன்றுக்கும் தனித்தனியாகப் பெயர் வாங்கினால் என்றாவது ஒன்று மாறிப்போகும். ஐபி முகவரி கொடுத்தால் எஸ்என்ஐ அனுப்பக் கூடாது, ஒப்பிடும் வழியும் வேறு. அதையும் உள்ளேயே பிரித்துவிடுங்கள்.

‘அப்படியானால் டெஸ்ட் சர்வருக்கு என்ன செய்வது?’ என்று கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் வைக்காமல் பூலியனை மட்டும் எடுத்தால், ஆட்கள் உங்கள் ராப்பரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ‘இந்த ஃபைலில் உள்ள சிஏவை (சான்றிதழுக்குக் கையொப்பமிடும் அமைப்பை) மட்டும் நம்பு’ என்று ஒரு வழி கொடுங்கள். டெஸ்டுக்கு சொந்த சிஏ உருவாக்குவது ஓப்பன்எஸ்எஸ்எல்லில் சில கட்டளைகள்தான். அப்போது டெஸ்டிலும் சரிபார்ப்பு முழுதாக ஓடும்.

இந்த நெருக்கடி எங்கிருந்து வரும் என்று சொல்கிறேன். ஆனியில் காற்று பிடித்துவிட்டால் ஒரு நாள் டேட்டா வராவிட்டாலும் காற்றாலை உரிமையாளர் போன் செய்துகொண்டே இருப்பார். அப்படி ஒரு நாளில், மாதக்கணக்காக குடோனில் கிடந்த பெட்டியைக் கொண்டுபோய் மாட்டினார்கள். இணைப்பு எழவில்லை. சைட்டில் நின்ற பையன் கூப்பிட்டான்: “அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வெரிஃபிகேஷன ஆஃப் பண்ணிக்கிடுதேன். பெறவு ஆன் பண்ணிருதேன்.” அவன் பேரில் தப்பே இல்லை, வெயிலில் நிற்கிறான், மேலே இருந்து விரட்டுகிறார்கள். ஆனால் அந்த ‘பெறவு’ எந்த சைட்டிலும் வருவதில்லை. ராப்பரில் ஆஃப் செய்ய வழியே இல்லாததால் லாகைப் பார்க்கச் சொன்னேன். எரர் கோட் 9, அதாவது சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை. அந்தப் பெட்டியில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கடைசியாக அணைத்தபோது இருந்த நேரத்திலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கிறது. சர்வரில் இருந்தது லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ், அதன் ஆயுள் அப்போது 90 நாள். இடையில் சர்வரில் புதுப்பித்தாகிவிட்டது. பெட்டியின் கணக்கில் அது எதிர்காலத்துச் சான்றிதழ். என்டிபி வழியாக, அதாவது நெட்வொர்க்கிலிருந்து, நேரத்தைச் சரிசெய்ததும் இணைந்துவிட்டது.

இதனால்தான் ‘இணைப்பு தோல்வி’ என்று ஒரே எரராகத் திருப்பாதீர்கள் என்கிறேன். நேரம் தவறு, பெயர் பொருந்தவில்லை, சிஏ தெரியவில்லை, நெட்வொர்க் இல்லை ஆகிய நான்கும் வேறு வேறு வகையாக வர வேண்டும். எந்தப் பெயரை எதிர்பார்த்தோம், சான்றிதழில் எது இருந்தது என்பதும் லாகில் விழட்டும். காரணம் தெரியாதவன்தான் ஆஃப் செய்யும் பட்டனைத் தேடுவான்.

அடுத்து ரீட், ரைட். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ரீட் செய்யும்போது ‘முதலில் எழுத வேண்டும்’ என்று பதில் வரலாம், ரைட் செய்யும்போது ‘முதலில் படிக்க வேண்டும்’ என்றும் வரலாம். உள்ளே சாவி மாற்றம் போன்ற வேலைகள் நடப்பதால் அப்படி. நான்-பிளாக்கிங் (காத்திருக்காமல் உடனே திரும்பும் முறை) வேண்டுமென்றால் இந்த இரண்டையும் அப்படியே வெளியே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து பிரிந்த லிப்ரெஸ்எஸ்எல்லின் லிப்டிஎல்எஸ் லைப்ரரி இதை அழகாகச் செய்திருக்கிறது. எழுதத் தொடங்கும் முன் அதன் ஹெடர் ஃபைலை ஒரு முறை வாசியுங்கள்.

பலரையும் திணறடிப்பது ‘போல்’ (poll) என்ற அழைப்பு, அதாவது சாக்கெட்டில் ஏதாவது வரும் வரை காத்திருப்பது. ஒரு டிஎல்எஸ் ரெக்கார்டில் 16,384 பைட் வரை இருக்கலாம். நீங்கள் 1,000 பைட் கேட்டால் ஓப்பன்எஸ்எஸ்எல் ரெக்கார்டை முழுதாக அவிழ்த்து, மீதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பிறகு சாக்கெட்டில் ஏதாவது வருகிறதா என்று போலில் காத்திருந்தால் எதுவும் வராது. கால்வாயில் தண்ணீர் வரட்டும் என்று மடையிலேயே நிற்பவருக்கு, குளம் நிறைந்து கிடப்பது தெரியாத கதைதான். போலுக்குப் போகும் முன் எஸ்எஸ்எல்_பெண்டிங்கைக் கேட்கும் வேலையை ராப்பரே செய்துவிட வேண்டும், பயனரிடம் விடக் கூடாது.

ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எரர் வரிசை ஒரு திரெட்டில் உள்ள எல்லா இணைப்புகளுக்கும் பொதுவானது. முந்தைய இணைப்பு விட்டுச்சென்ற எரர் அடுத்த இணைப்பின் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு அழைப்புக்கும் முன் அதைத் துடைத்துவிடுங்கள்.

க்ளோஸ் பற்றி: எதிர்முனை க்ளோஸ்_நோட்டிஃபை (‘முடித்துக்கொள்கிறேன்’ என்ற செய்தி) அனுப்பாமல் டிசிபி இணைப்பு அறுந்தால் அது ‘டேட்டா முடிந்தது’ ஆகாது. நடுவில் ஒருவன் வெட்டியிருக்கலாம். இரண்டையும் வேறு வேறு விடையாகத் திருப்புங்கள். கிளாஸை நகலெடுக்க முடியாதபடி செய்யுங்கள், மூவ் மட்டும் போதும். டைம்அவுட் கட்டாயம் இருக்கட்டும், இணைப்பின் தொடக்கத்தில் நடக்கும் ஹேண்ட்ஷேக்குக்கும் சேர்த்து.

டிஎல்எஸ் பதிப்பைப் பொறுத்தவரை 1.2க்குக் கீழே இறங்காதீர்கள். 1.0, 1.1 இரண்டையும் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2021லேயே கைவிடச் சொல்லிவிட்டது.

கடைசியாக, வேறு லைப்ரரிக்கு மாறும்படி அடுக்கடுக்காகக் கட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் டைப் எதுவும் உங்கள் ஹெடரில் தெரியாமல் இருந்தால் அதுவே போதும். அதில் மிச்சமாகும் நேரத்தில் டெஸ்ட் எழுதுங்கள்: காலாவதியான சான்றிதழ், வேறு பெயருக்கான சான்றிதழ், தெரியாத சிஏ, பாதியில் அறுபடும் இணைப்பு. ஒவ்வொன்றும் அதற்குரிய எரரோடு தோற்கிறதா என்று ஒவ்வொரு பில்டிலும் பாருங்கள். சரியான சர்வரோடு இணைகிறதா என்பதை மட்டும் பார்த்தால், சரிபார்ப்பே செய்யாத ராப்பரும் அந்த டெஸ்டில் பாஸாகிவிடும்.