ஃபிக்ஸ்டு கியர் சைக்கிளுக்குப் பிரேக், ஃபோர்க், சக்கரம்: கேள்வி பதில்

ஃபிக்ஸ்டு கியர் சைக்கிளில் பின்சக்கரத்துப் பல்சக்கரம், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு பூட்டப்பட்டிருப்பதால், சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃப்ரீவீல் உள்ள சைக்கிளைப் போலக் காலை நிறுத்திவிட்டு மிதக்க முடியாது. வந்திருந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். இவற்றில் பாதிக்கு மேல், ஒரு பாகத்தை வாங்கிய பிறகே மற்றொன்று அதற்குப் பொருந்தாது என்று தெரியவந்தவர்களுடையவை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கும் சக்கரமும் முடிவானால்தான் பிரேக்கின் அளவு முடிவாகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: பெடலைப் பின்னுக்கு அழுத்தினாலே வண்டி நிற்கிறது. பிறகு எதற்கு முன்பிரேக்? கேபிளும் லீவரும் இல்லாமல் வண்டி பார்க்க எவ்வளவு எடுப்பாக இருக்கிறது!

பதில்: அழகு விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை, நிற்கும் தூரத்தில்தான் சண்டை. வேகம் குறையத் தொடங்கிய கணத்திலேயே உங்கள் எடை முன்சக்கரத்துக்கு மாறிவிடுகிறது, பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது, இலேசான சக்கரம் தரையைக் கவ்வாமல் வழுக்குகிறது. ஆகவே காலில் எவ்வளவு பலம் இருந்தாலும், பின்சக்கரத்தை மட்டும் நம்பினால், காய்ந்த தார்ச்சாலையில்கூடப் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழக் கால் பங்கு அளவுக்குத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். முன்பிரேக்கால் அதைப் பாதி வரை கொண்டுபோகலாம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி முதல் வகையில் சுமார் 10 மீட்டரிலும், இரண்டாம் வகையில் சுமார் 5 மீட்டரிலும் நிற்கும். நீங்கள் சுதாரிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இறக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். முன்னே 48 பல், பின்னே 16 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 6.3 மீட்டர் ஓடும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் உங்கள் கால் நிமிடத்துக்கு 106 முறை சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிச் சுழலும் பெடலை எதிர்த்து அழுத்துவது பழகியவர்களுக்கே சிரமம். செயின் கழன்றாலோ அறுந்தாலோ அந்த வழியும் அடைபட்டுவிடும்.

வெலோடிரோம் எனப்படும் சைக்கிள் பந்தய ஓடுதளத்தில் பிரேக் கிடையாதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே எல்லோரும் ஒரே திசையில், ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி இன்னொருவராக ஓட்டுகிறார்கள்; ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் அனைவரும் விழுவார்கள். சாலையின் நிலைமை அதற்கு நேர்மாறானது.

கேள்வி: அப்படியானால் பின்பிரேக்கும் வேண்டுமா?

பதில்: ஃபிக்ஸ்டு பக்கத்தை மட்டுமே பயன்படுத்துபவருக்கு முன்பிரேக் ஒன்றே போதும் என்பது என் கருத்து. பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு விதிகளும் ஃபிக்ஸ்டு சைக்கிளுக்கு முன்சக்கரப் பிரேக்கைத்தான் கட்டாயமாக்குகின்றன. சில நாடுகளில் இரண்டு பிரேக் வேண்டும். ஒருபுறம் ஃபிக்ஸ்டு, மறுபுறம் ஃப்ரீவீல் என்றிருக்கும் ஃபிளிப் ஃபிளாப் ஹப்பை வைத்துக்கொண்டு அவ்வப்போது சக்கரத்தைத் திருப்பிப் போடுபவராக இருந்தால், பின்பிரேக்கை நிரந்தரமாகவே பொருத்திவிடுங்கள். ஃப்ரீவீல் பக்கம் மாறிய அன்று உங்கள் கால் பிரேக்காக வேலை செய்யாது.

கேள்வி: பழைய ரோடு சைக்கிளை மாற்றிக் கட்டுகிறேன். புதிதாக வாங்கிய பிரேக்கின் கட்டை ரிம்மை எட்டவில்லை. டயரில் போய் உரசுகிறது. பிரேக்கில் கோளாறா?

பதில்: பிரேக்கில் கோளாறு இல்லை; அளக்காமல் வாங்கியதுதான் காரணம். பழைய சைக்கிளில் 27 அங்குலச் சக்கரம் இருந்திருக்கும், நீங்கள் 700சி சக்கரம் போட்டிருப்பீர்கள். டயர் உட்காரும் இடத்தில் முன்னதன் விட்டம் 630 மி.மீ., பின்னதன் விட்டம் 622 மி.மீ.; ஆக, ரிம் ஹப்பை நோக்கி 4 மி.மீ. உள்ளே போய்விட்டது. பிரேக் கட்டையும் அதே 4 மி.மீ. கூடுதலாக நீள வேண்டும்.

சக்கரத்தைப் போட்டு, ஆக்சில் ஃபோர்க்கின் காடியில் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பின், ஃபோர்க்கின் தலையில் பிரேக் போல்ட் நுழையும் துளையின் நடுவிலிருந்து, ரிம்மின் பக்கவாட்டில் கட்டை பதிய வேண்டிய பட்டையின் நடுவரை நேர்கீழாக அளக்கவும். இதுதான் ரீச். அளவுகோலைச் சக்கரத்தின் சரிவோடு சாய்த்துப் பிடித்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிசகிவிடும். இன்றைய பந்தய சைக்கிள்களுக்கான சாதாரணப் பிரேக் 39 முதல் 49 மி.மீ. வரை எட்டும்; அடுத்த வகை 47 முதல் 57 வரை; அதற்கும் மேலே 70 மி.மீ. தாண்டி எட்டும் வகைகளும் உண்டு. உங்கள் அளவு வரம்பின் நுனியில் விழாமல் நடுவில் விழும் வகையை வாங்குங்கள். கை நீளமான பிரேக் சற்றே வளைந்து கொடுக்கும் என்பதால், தேவைக்கு மேல் நீளமானதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும்போதே போல்ட்டையும் பாருங்கள். பழைய ஃபோர்க்குகளில் பின்பக்கம் சாதாரண நட்டு வெளியே தெரியும். புதியவற்றில் ஆலன் சாவியால் திருகும் குழல் நட்டு துளைக்குள் புதைந்துகொள்ளும். பழைய ஃபோர்க்கின் பின்துளை இந்தக் குழல் நட்டுக்குப் போதாது.

கேள்வி: என்னிடம் உள்ள டிராக் (ஓடுதளப் பந்தய) ஃபோர்க்கில் பிரேக் துளையே இல்லை. நானே துளை போடலாமா?

பதில்: கார்பன் ஃபோர்க் என்றால் கூடாது, அலுமினியம் என்றாலும் கூடாது. எஃகு ஃபோர்க்கிலும் நீங்களே டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஃபோர்க்கின் தலையும், ஹேண்டில்பாரை நோக்கி மேலே போகும் ஸ்டீரர் குழாயும் சேரும் அந்த இடத்தில்தான் முன்சக்கரத்தின் மொத்தப் பளுவும் வந்து சேர்கிறது. அங்கே வெறும் துளை போட்டால் விரிசல் தொடங்குவதற்கு ஒரு முனை கிடைத்துவிடும்; போல்ட்டை இறுக்கும்போது குழாயின் சுவர் உள்ளே நசுங்கவும் செய்யும். சட்டகம் கட்டும் அனுபவம் உள்ளவர் துளைக்குள் ஒரு சிறு குழலை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தால் அது வேறு விஷயம். ஆனால் அந்தச் செலவுக்குத் துளையோடு கூடிய நல்ல ரோடு ஃபோர்க்கே கிடைத்துவிடலாம். ஃபோர்க்கின் கால்களைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கி, அதில் பிரேக்கைத் தொங்கவிடும் தகடுகளும் விற்கின்றன. பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் சுழலப் பார்க்கும் ஒரு பட்டையை நம்பி நான் இறக்கத்தில் இறங்க மாட்டேன்.

கேள்வி: ரோடு ஃபோர்க்கை எடுத்துவிட்டு நேரான டிராக் ஃபோர்க் போட்டேன். வண்டி சுறுசுறுப்பாகும் என்றார்கள். மாறாக ஹேண்டில்பார் கனத்துவிட்டது, திரும்பும்போது கால் விரல் டயரில் இடிக்கிறது. ஏன்?

பதில்: பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் இது. ஸ்டீரர் குழாயின் கோட்டுக்கு எவ்வளவு முன்னால் ஆக்சில் இருக்கிறது என்பதே ஃபோர்க்கின் ரேக். ரோடு ஃபோர்க்கில் இது 43 முதல் 45 மி.மீ. வரையும், டிராக் ஃபோர்க்கில் பெரும்பாலும் 30ஐ ஒட்டியும் இருக்கும். ரேக் குறைந்தால் டிரெயில் கூடும். ஸ்டீரர் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும், அதற்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள இடைவெளிதான் டிரெயில். அது கூடக் கூட முன்சக்கரம் நேராகவே போகப் பார்க்கும்.

உங்கள் சட்டகத்தில் ஸ்டீரர் நுழையும் குழாயான ஹெட் ட்யூப் 73 பாகை சாய்வு என்றும், டயர் 25 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். 45 ரேக்கில் டிரெயில் 56 மி.மீ. வருகிறது, 30 ரேக்கில் அது 71 மி.மீ. ஆகிறது. கனம் அங்கிருந்துதான் வருகிறது. டிராக் சட்டகத்தில் இதே ஃபோர்க் சரியாக இருப்பதற்குக் காரணம், அங்கே ஹெட் ட்யூப் 75 பாகை வரை நிமிர்ந்திருப்பதால் 30 ரேக்கிலும் டிரெயில் 59 மி.மீ.தான் வருகிறது. ஆகையால் டிராக் ஃபோர்க்கைத் தனியாகப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. அது எந்தச் சட்டகத்துக்குப் பிறந்ததோ அதோடுதான் சேரும்.

கால் விரல் இடிப்பதும் இதே கணக்குத்தான். ரேக் 15 மி.மீ. குறைந்தபோது முன்சக்கரம் ஏறத்தாழ அந்த அளவுக்குப் பெடலை நோக்கி வந்துவிட்டது. ஃப்ரீவீல் வண்டியில் காலைச் சற்று நிறுத்தித் தப்பிக்கலாம். இதில் கால் தானாகவே டயரை நோக்கி வரும். வேகத்தில் ஹேண்டில்பார் அவ்வளவு திரும்பாது என்பதால் அங்கே ஆபத்து குறைவு. குறுகிய இடத்தில் மெதுவாக வட்டமடிக்கும்போதுதான் சிக்கல்.

புதிய ஃபோர்க் வாங்குவதானால் ரேக்கோடு ஆக்சிலிலிருந்து தலைவரையுள்ள உயரத்தையும் பழையதோடு ஒப்பிடுங்கள். அதில் 10 மி.மீ. மாறினால் ஹெட் ட்யூப்பின் சாய்வு ஏறத்தாழ அரைப் பாகை மாறும். ஸ்டீரர் 1 அங்குலமா, 1⅛ அங்குலம் எனப்படும் 28.6 மி.மீ. வகையா, மரை உள்ளதா இல்லாததா என்பதும் முக்கியம். 1 அங்குல வகையில், ஸ்டீரர் சுழல உதவும் பேரிங்கான ஹெட்செட்டின் அடி வளையம் உட்காரும் இடம் 26.4 மி.மீ., 27.0 மி.மீ. என இரண்டு அளவுகளில் வரும்; இந்த அரை மில்லிமீட்டருக்காகக் கடைக்கு இரண்டு முறை நடந்தவன் நான்.

கேள்வி: பழைய ஃப்ரீவீல் ஹப்பில் ஃபிக்ஸ்டு பல்சக்கரம் அழகாகத் திருகி உட்காருகிறது. இதையே ஓட்டலாமா?

பதில்: உட்காரும், ஏனென்றால் இரண்டின் மரையும் ஒன்றுதான்: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ஆனால் உண்மையான டிராக் ஹப்பில் இதற்கு வெளியே சற்றுச் சிறிய விட்டத்தில் இன்னொரு மரை, அதுவும் இடது மரை, வெட்டப்பட்டிருக்கும். பல்சக்கரத்தைப் பூட்டும் லாக் ரிங் அதில்தான் ஏறும். நீங்கள் பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். அது கழலும் திசையில் லாக் ரிங் இறுகும். ஃப்ரீவீல் ஹப்பில் அந்தப் படி கிடையாது. பெடல்களின் நடு அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் லாக் ரிங்கைப் போட்டு, மரைப் பசை தடவிச் சமாளிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் அந்த லாக் ரிங்கும் வலது மரைதான். பல்சக்கரம் கழன்றால் அதுவும் கூடவே கழலும்.

என் முதல் வண்டியை நான் இப்படித்தான் கட்டினேன். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு மாலை இறக்கத்தில் காலைப் பின்னுக்கு அழுத்தியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். பெடல் எதிர்ப்பே இல்லாமல் பின்னோக்கிப் போய்விட்டது. முன்பிரேக் இருந்ததால் ஓரமாக நிறுத்தினேன். வீட்டில் கழற்றிப் பார்த்தால், கிரீஸை விரலால் தேய்க்கும்போது மணலைப் போல நெருடியது. வெளிச்சத்தில் வைத்தால் வெள்ளிப் பொடி. ஹப்பின் மரைதான் அப்படிப் பொடியாகியிருந்தது.

டிராக் ஹப் வாங்குங்கள். பல்சக்கரத்தை மரையில் கிரீஸ் தடவிச் செயின் சாவியால் இறுக்கி, லாக் ரிங்கையும் இறுக்கிவிட்டு, பின்னுக்கு அழுத்தாமல் ஒரு மேட்டில் பலமாக மிதித்து ஏறுங்கள். பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். திரும்பி வந்து லாக் ரிங்கை மறுபடி இறுக்குங்கள்.

கேள்வி: டிராக் ஹப்பின் அகலம் 120 மி.மீ., என் எஃகுச் சட்டகத்தில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மி.மீ. என்ன செய்வது?

பதில்: ஆக்சில் போதிய நீளம் இருந்தால் இருபுறமும் 3 மி.மீ. வளையம் போடுங்கள். நட்டை இறுக்கிச் சட்டகத்தை நெருக்கிப் பொருத்த வேண்டாம். அதைவிட முக்கியமாக, பின்சக்கரம் முன்பின் நகரும்படி காடி கிடைமட்டமாக இருக்க வேண்டும். செங்குத்தான காடியில் சக்கரத்தை நகர்த்திச் செயினின் தொய்வை எடுக்க வழி இல்லை.

கேள்வி: எத்தனை கம்பி? வண்ணம் பூசிய உயரமான ரிம் நன்றாக இருக்குமா?

பதில்: பின்சக்கரத்துக்கு 32 கம்பி, ஒவ்வொன்றும் மூன்று கம்பிகளைக் குறுக்கிட்டுச் செல்லும் பின்னல். இந்தச் சக்கரம் இரு திசையிலும் முறுக்கு வாங்குவதால், ஹப்பிலிருந்து நேராகக் கிளம்பும் பின்னல் பின்னால் வேண்டாம். ஒரு நல்ல செய்தியும் உண்டு: கியர் அடுக்கு இல்லாததால் டிராக் ஹப்பின் இரு விளிம்புகளும் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்கும், இருபுறக் கம்பிகளின் இழுவிசையும் சமமாக இருக்கும், அதே கம்பி எண்ணிக்கையுள்ள கியர் சக்கரத்தைவிட இது உறுதியானது.

வண்ண ரிம்மைப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். முன்னால் மட்டும், பக்கவாட்டில் கடைந்து உலோகம் தெரியும் ரிம்மாக இருக்கட்டும். பூச்சின் மீது கட்டை சரியாகப் பிடிக்காது, ஈரத்தில் இன்னும் மோசம். சில வாரங்களில் பூச்சும் திட்டுத் திட்டாக உரியும்.

கேள்வி: பின்டயர் ஒரே இடத்தில் மட்டும் மொட்டையாகிறது. 48க்கு 16. டயர் மட்டமானதா?

பதில்: டயர் பாவம். நீங்கள் பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்கும் ஒவ்வொரு முறையும் பெடல் ஒரே நிலையில் இருக்கிறது. 48க்கு 16ஐச் சுருக்கினால் 3க்கு 1, அதாவது டயரில் ஒரே ஓர் இடம்தான் தரையில் தேய்கிறது. சுருக்கிய பின் வரும் கீழ் எண்தான் தேயும் இடங்களின் எண்ணிக்கை. 46க்கு 16 என்றால் 23க்கு 8, எட்டு இடங்கள். 47க்கு 17 என்றால் பதினேழு. சுருக்கிய பின் வரும் மேல் எண் ஒற்றைப்படையாக இருந்து, எந்தக் காலை முன்வைத்தும் வழுக்கப் பழகினால் அது இரட்டிக்கும்.

கேள்வி: எல்லாம் பொருத்திவிட்டேன். பிரேக் பிடித்தால் பஞ்சுபோல் அமுங்குகிறது, கூடவே கீச்சென்று கத்துகிறது.

பதில்: அமுங்குவதற்கு முதலில் லீவரைச் சந்தேகியுங்கள், ஃபோர்க்கின் இரு கால்களிலும் தனித்தனிக் கையாக நிற்கும் வி பிரேக்குக்கான லீவர் கேபிளை அதிகம் இழுக்கும், பலம் குறைவாகக் கொடுக்கும், ஆகவே நாம் இதுவரை பேசிய, நடு போல்ட்டில் நிற்கும் காலிப்பர் பிரேக்குக்கு உதவாது. அடுத்தது கேபிளின் உறை. பிரேக்குக்குச் சுருள் கம்பியாலான உறைதான் வேண்டும். கியருக்கான, நீளவாட்டில் கம்பிகள் உள்ள உறை பிரேக்கின் விசையில் வெடித்துவிடக்கூடும். கத்துவதற்கு, கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையே ஒரு தடித்த அட்டைத் துண்டைச் செருகி, லீவரை அழுத்திப் பிடித்தபடி கட்டையின் திருகை இறுக்குங்கள். முன்முனை முதலில் தொடும்படி அமையும். அதன் பிறகும் கத்தினால் கட்டையைக் கழற்றி, அதன் முகத்தில் பதிந்திருக்கும் உலோகத் துகள்களை ஊசி முனையால் கிளறி எடுத்துவிட்டு, ரிம்மைத் துடைத்து மறுபடி மாட்டுங்கள்.