"குடிச்சிட்டேன் பால்": பேத்தியின் தமிழ் தடம் மாறுகிறதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளின் குடும்பம் அயர்லாந்தில், கோல்வேயில் இருக்கிறது. மூன்று வயதுப் பேத்தி ஐரிஷ் மொழி முன்பள்ளிக்குப் போகிறாள். போனில் "குடிச்சிட்டேன் பால்", "வந்துட்டார் அப்பா" என்கிறாள். ஐரிஷில் வினைச்சொல்தான் முதலில் வருமாமே, பிள்ளையின் தமிழ் கெட்டுப்போகிறதா?
– ஒரு பாட்டி, ஹட்டன்

பதில்: இந்த இரண்டு வாக்கியங்களை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, அம்மா. லயத்து வாசலில் நிற்கும் பிள்ளையும் "வந்துட்டார் அப்பா" என்றுதான் கத்தும். பேச்சுத் தமிழில் அவசரமான சேதி முன்னால் விழும், ஆள் பின்னால் வருவார். 'ஐ' போன்ற வேற்றுமை உருபுகள் இருப்பதால் பொருளும் கெடாது. "நாய் பூனையைக் கண்டது", "பூனையை நாய் கண்டது", எப்படிச் சொன்னாலும் கண்டது நாய்தான்.

ஐரிஷில் அந்த வசதி இல்லை. "ஹொனிக் அன் கட் அன் மத்ரா" என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'கண்டது பூனை நாய்'. வினைக்கு அடுத்து நிற்பது எதுவோ அதுதான் கண்டது. பெயர்கள் இடம் மாறினால் கண்டது நாய் என்றாகிவிடும். அதனால் அங்கே பிள்ளை வரிசையைப் பிடிக்க வேண்டும். தமிழில் உருபைப் பிடிக்க வேண்டும்.

நீங்கள் காது கொடுக்க வேண்டிய இடங்கள் வேறு. "மேசைக்கு மேல" என்பது "மேல மேசை" ஆகிறதா? ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் இடத்தைக் காட்டும் சொல் பெயருக்கு முன்னால் வரும், எனவே இந்தப் பிசகு எந்த மொழியிலிருந்தும் வரலாம். "கறுப்புப் பூனை வந்துச்சு" என்பதை "பூனை கறுப்பு வந்துச்சு" என்றால் சந்தேகம் ஐரிஷ் மேல்தான், ஏனெனில் அங்கே நிறச்சொல் பெயருக்குப் பின்னால் வரும், ஆங்கிலத்தில் அப்படியில்லை. "நாய் பூனை கடிச்சுது" என்று 'ஐ' விழுந்துபோகிறதா என்றும் பாருங்கள். பால், சோறு போன்றவற்றுக்கு 'ஐ' இல்லாமல் சொல்வது தமிழ் வழக்கு. ஆளோ பிராணியோ செயப்படுபொருளாக வரும்போது விடக்கூடாது.

பிசகினால் "சரியாச் சொல்லு" என்று நிறுத்த வேண்டாம். "ஓ, மேசைக்கு மேலயா இருக்கு?" என்று சரியான வடிவத்தைக் கேள்வியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். வீடியோ அழைப்பில் படம் காட்டி "யார் யாரைக் கடிச்சுது?" என்று கேட்டால் உருபு இல்லாமல் பதில் சொல்வது கஷ்டம்.

கேள்வி: வினை முதலில், எழுவாய் அடுத்து, செயப்படுபொருள் கடைசியில். நமக்குத் தலைகீழாகத் தெரியும் இந்த வரிசையை ஐரிஷ் குழந்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?
– மொழியியல் மாணவர், பேராதனை

பதில்: உலக மொழிகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் வினை முதலில் வருகிறது. தமிழும் சிங்களமும் போல வினையைக் கடைசியில் வைப்பவையே அதிகம். ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அபூர்வம், சாதாரணம் என்ற பேதம் கிடையாது.

பேச்சு வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. அடிக்கடி காதில் விழும் சின்னச் சொற்கள் சொற்றொடரின் தலையில் வருகின்றனவா வாலில் வருகின்றனவா என்பது ஒரு தடயம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், 8 மாத இத்தாலியக் குழந்தைகள் தலையில் வரும் அமைப்பையும், நம்மைப் போல உருபைப் பின்னால் ஒட்டும் ஜப்பானியக் குழந்தைகள் வாலில் வரும் அமைப்பையும் எதிர்பார்த்தார்கள். ஐரிஷில் 'நீ' என்ற எதிர்மறைச் சொல், 'அன்' என்ற வினாச்சொல், 'இருக்கிறது' என்ற பொருளுள்ள 'தா' எல்லாம் வாக்கியத்தின் தலையிலேயே நிற்கும்.

இரண்டு சொல் சேர்க்கும் பருவத்தில்தான் கேட்பவர் ஏமாறுவார். "தா மாமி எக் இஹெ" (அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்) என்பதில் 'தா' அழுத்தமில்லாத சொல், பிள்ளையின் வாயில் எளிதாக விழுந்துபோகும். மிஞ்சுவது "மாமி எக் இஹெ". எழுவாய் முன்னால் நிற்பதால் பிள்ளை ஆங்கில வரிசையில் பேசுகிறது என்று அவசரப்பட்டு எழுதிவிடலாம். உள்ளபடி வரிசை மாறவில்லை, தலைச்சொல் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு பொறி: 'ஆப்பிள் தின்ன ஆசை' என்பதற்கு "ப வா லியம் ஊல் அ இஹெ". கடைசிப் பகுதி 'ஆப்பிள் தின்ன', அச்சாகத் தமிழ் வரிசை! காலத்துக்கு ஏற்பத் திரிபடையும் வினை முன்னால் போகும். 'தின்ன', 'பார்க்க' போன்ற வடிவம் செயப்படுபொருளுக்குப் பின்னால் நிற்கும். ஆகவே குழந்தைப் பேச்சைப் பதிவுசெய்து ஆராயும்போது இந்த இரண்டு வகை வினைகளையும் தனித்தனியாக எண்ண வேண்டும். கலந்து எண்ணினால் முடிவு குப்பை.

கேள்வி: எங்கள் நாலு வயதுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் "ஐ ஆப்பிள் ஈட்" என்கிறார்கள். ஐரிஷ் முன்பள்ளிகளில் எப்படித் திருத்துகிறார்கள்?
– முன்பள்ளி ஆசிரியை, பண்டாரவளை

பதில்: அங்கும் இதே தலைவலிதான். 2022 குடிசனக் கணக்கெடுப்பின்படி, கல்விக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுவோர் 71,968 பேர் மட்டுமே. வீட்டில் ஆங்கிலம் கேட்கும் பிள்ளை, 'அதைச் செய்கிறேன்' என்பதற்கு "தா மே ஆ யேனவ்" என்று சொல்லாமல், ஆங்கில வாடையோடு 'அதை' என்ற சொல்லைக் கடைசியில் தள்ளி "தா மே எக் ஜேனவ் ஏ" என்கிறது.

மனப்பாடத் தொடர்களை நம்ப வேண்டாம். கழிவறைக்குப் போக அனுமதி கேட்கும் நீண்ட ஐரிஷ் வாக்கியம் அங்கே பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அத்துப்படி, ஆனால் அது ஒரே கட்டி. அதை உடைக்க வேண்டும். ஒரு வாரம் ஒரே வினை, மாறுவது ஒரு சொல் மட்டும்: "ஐ ஈட் ரைஸ்", "ஐ ஈட் ரொட்டி", "ஐ ஈட் ஆப்பிள்". பொருளைக் கையில் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காமல் செய்யுங்கள். அடுத்து வினையை மாற்றுங்கள், பிறகு ஆளை. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் பிள்ளை திரும்பத் தமிழ் வரிசைக்கு ஓடும்.

கேள்வி: எப்போது கவலைப்பட வேண்டும்?
– தாய், தலவாக்கலை

பதில்: வரிசை பிசகுவதற்காக அல்ல. இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு சொல் சேராவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கக் கேளுங்கள். வீட்டில் இரண்டு மொழி இருந்தால் இரண்டிலும் உள்ள சொற்களைச் சேர்த்தே எண்ண வேண்டும்.