கொழும்பிலிருந்து கடைக் கொம்பியூட்டருக்குள் போக முடியவில்லை – பதில்

தம்பி, சுன்னாகம் கடைக்குள் இருக்கும்வரை லப்டொப்பில் ரிமோட் டெஸ்க்டொப் (தூரத்திலிருந்து இன்னொரு கொம்பியூட்டரை இயக்கும் வசதி) வேலை செய்கிறது, கொழும்புக்குப் போனதும் செத்துப் போகிறது, ரவுட்டரில் அதற்குரிய வாசலான 3389 போர்ட்டைத் திறந்தும் பயனில்லை என்கிறீர்கள். முதலில் ரவுட்டரின் பக்கத்தில், அதற்கு வெளியிலிருந்து கிடைத்திருக்கும் ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64 தொடக்கம் 100.127 வரைக்குள் இருந்தால் அது உங்களுக்கே உரிய முகவரி இல்லை. இணைப்புத் தருபவர் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார், நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியே தட்டுவது உங்கள் படலைக்கு வந்து சேராது. கொக்குவிலில் மாமா வீட்டு 4ஜி ரவுட்டரோடு இதே காரணத்தால் இரண்டு இரவு மினக்கெட்டவன் நான்.

அந்த 3389ஐ இப்பவே மூடுங்கள், கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் அதைத்தான் தேடித் திரியும். இரண்டு கொம்பியூட்டரிலும் டெயில்ஸ்கேல் (இரண்டையும் இணையம் வழியாகத் தனியாக இணைக்கும் மென்பொருள்) போட்டு, ஒரே கணக்கில் நுழைந்து, அது தரும் முகவரியை (அதுவும் 100 என்றுதான் தொடங்கும், குழம்ப வேண்டாம்) ரிமோட் டெஸ்க்டொப்பில் கொடுங்கள். சரி, பிறகு கடைக் கொம்பியூட்டர் தானாகத் தூங்கிப் போகும் ஸ்லீப்பை நிறுத்தி, கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி பயாஸில் (கொம்பியூட்டரின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கடையில் நிற்பவருக்குப் போன் எடுத்து பவர் பட்டனை அமத்தச் சொல்ல வேண்டிவரும்.