பருப்புக்கீரைச் சாறு குடித்தால் இதய மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் தாண்டிக்குடியில் இருக்கிறோம். என் மாமனாருக்கு வயது 61. நான்கு மாதத்துக்கு முன்பு நெஞ்சுவலி வந்து இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். எங்கள் பீன்ஸ் தோட்டத்தில் பருப்புக்கீரை தானாக முளைக்கிறது. மீனில் உள்ள ஒமேகா-3 அதில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, தினமும் காலையில் ஒரு டம்ளர் பச்சைச் சாறு குடிக்கிறார். இனி மாத்திரை வேண்டாம் என்கிறார். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது, அம்மா. இதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள். ஸ்டென்ட் வைத்த முதல் ஒரு வருடத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். உயிரே போகலாம். அதைத் தடுக்கிற வேலையை எந்தக் கீரையும் செய்யாது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் அப்படி நிறுத்தக் கூடாது.

ஒமேகா-3 இருக்கிறது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. பச்சை இலை எல்லாவற்றிலும் ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் கொஞ்சம் இருக்கும். பச்சையத்தைத் தாங்கும் மெல்லிய சவ்வுகளின் கொழுப்பில் பெரும்பங்கு அதுதான். நாம் சாப்பிடும் கீரைகளில் பருப்புக்கீரையில் அது அதிகம்: 100 கிராம் பச்சை இலையில் சுமார் 300 முதல் 400 மில்லிகிராம். ஆனால் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் வேண்டும். மேலும், மீனில் இருப்பவை இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற வேறு இரண்டு அமிலங்கள். இலையில் உள்ளதை அவையாக மாற்ற நம் உடம்பால் மிகக் கொஞ்சமே முடியும். அவர் அசைவம் சாப்பிடுவார் என்றால் வாரம் இரண்டு முறை மத்தியோ அயிலையோ குழம்பு வையுங்கள், பொரிக்க வேண்டாம். சைவம் என்றால் ஆளிவிதைப் பொடி ஒரு மேசைக்கரண்டி போதும்.

எனக்குக் கவலை அந்தப் பச்சைச் சாறுதான். பருப்புக்கீரையின் லேசான புளிப்புக்கு ஒரு காரணம் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம். தினமும் டம்ளர் டம்ளராக உள்ளே போனால் சிறுநீரகத்தில் கல் சேரலாம், சிறுநீரகமே பழுதாகவும் கூடும். பொட்டாசியமும் அதிகம், இதய நோயாளிகளுக்குத் தரும் சில பிரஷர் மாத்திரைகளும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும்; அது அளவு மீறினால் இதயத்துக்கே ஆபத்து. சாற்றை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கீரையை விட வேண்டாம். வாரம் இரண்டு நாள், கொதித்த நீரில் போட்டெடுத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, பாசிப்பருப்போடு கடைந்து கொடுங்கள். சாப்பாட்டில் தயிரும் இருக்கட்டும். தயிரின் கால்சியம் அந்த ஆக்சாலிக் அமிலத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காயவைத்துப் பொடியாக்கி வைக்காதீர்கள், இந்தக் கொழுப்பு அமிலம் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப்போகும். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த பாத்தியில் பறிக்காதீர்கள். பறிக்கும்போது தண்டை ஒடித்துப் பாருங்கள்: பால் வந்தால் அது வேறு செடி, தூக்கிப் போடுங்கள். பருப்புக்கீரைக்குச் சிவந்த சதைப்பற்றான தண்டு, காலை வெயிலில் விரியும் சின்ன மஞ்சள் பூ. வெள்ளையோ இளஞ்சிவப்போ பூத்தால் அது சாரணை என்ற வேறு செடியாக இருக்கலாம்.

மாமனார் சாப்பிடும் மாத்திரைகளில் வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள்) என்ற பெயர் இருக்கிறதா என்று சீட்டில் பாருங்கள். இருந்தால் சாற்றை நிறுத்துவதை இதய மருத்துவரிடம் உடனே சொல்லிவிடுங்கள்; அதன் பிறகு கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தை மாற்றிவிடும். இவ்வளவு நாள் சாறு குடித்ததை இதய மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, இந்த வாரமே ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்த்துவிடுங்கள்.